"நேத்து டூட்டில மூணு டெத்": ஒரு பயிற்சி மருத்துவரின் அக்காவுக்குப் பதில்

கேள்வி ஒரு அக்காவிடமிருந்து வந்திருக்கிறது. தங்கை எம்.டி. பொது மருத்துவம், முதலாண்டு. எம்.பி.பி.எஸ். கடைசியில் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஒரு நோயாளி இறந்தால் இரவில் போன் செய்து அழுவாராம். போன மாதம் லீவில் வீட்டுக்கு வந்தவர், "நேத்து டூட்டில மூணு டெத்" என்று சொல்லிவிட்டு, மோர்சாதத்துக்கு ஊறுகாய் எங்கே என்று கேட்டிருக்கிறார். அம்மா ஆடிப்போய்விட்டாராம். "அவள் மனசு கல்லாகிவிட்டதா? இந்த வேலை அவளுக்கு ஒத்துவரவில்லையா? விட்டுவிடச் சொல்லலாமா?" என்று கேட்கிறார்.

நான் ஒரு அரசு மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவம் சொல்லிக்கொடுக்கிறேன். பதினைந்து வருடமாக பிஜி, அதாவது முதுநிலை மாணவர்களோடு வார்டில் நிற்கிறேன். அதனால் உங்கள் முதல் கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொல்ல முடியும். கல்லாகவில்லை. மூன்று பேர் என்று எண்ணி வைத்திருக்கிறார். அந்த எண்ணிக்கையைப் பஸ்ஸில் சுமந்துவந்து வீட்டில் இறக்கியிருக்கிறார். நிஜமாகவே ஒன்றும் தோன்றாதவர் அதைப் பற்றிப் பேசியே இருக்க மாட்டார்.

ஆனால் கவலைப்படவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நீங்கள் பார்த்தது ஒரு அறிகுறிதான். எதனுடைய அறிகுறி என்று தெரிந்துகொள்ள, மெடிசின் முதலாண்டு பிஜியின் ஒரு அட்மிஷன் டே எப்படிப் போகும் என்று தெரிய வேண்டும்.

அன்று காலை தொடங்கி மறுநாள் காலை வரை கேஷுவாலிட்டிக்கு வரும் மெடிசின் கேஸ் எல்லாம் அவருடைய யூனிட்டுக்கு. மூச்சுத் திணறல், வலிப்பு, பாம்புக்கடி, சர்க்கரை ஏறி மயக்கம், விஷம் குடித்தவர்கள். ஒவ்வொருவருக்கும் கேஸ் ஷீட் எழுத வேண்டும், ரத்தம் எடுக்க வேண்டும், ஆள் இல்லாத நேரத்தில் அந்த ரத்தக்குழாயைத் தானே லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். சிடி ஸ்கேனுக்குப் போன் போட்டுக் கெஞ்ச வேண்டும். காப்பீட்டுத் திட்டத்துக்கு ஃபார்ம் நிரப்ப வேண்டும். விடிந்ததும் டூட்டி முடியும், வேலை முடியாது. ராத்திரி வந்த அத்தனை பேரையும் யூனிட்டின் தலைமை மருத்துவரான சீஃப் ரவுண்ட்ஸில் பார்ப்பார், ஒவ்வொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். "பொட்டாசியம் எவ்வளவு?" என்று கேட்டு, பதில் வரவில்லை என்றால் நோயாளிக்கு முன்னாலேயே திட்டு விழும். அப்புறம் டிஸ்சார்ஜ் எழுதி, செமினாருக்குப் படித்து, ஹாஸ்டலுக்குப் போகும்போது முப்பது மணி நேரம் சாதாரணமாக ஓடியிருக்கும்.

இந்த ஓட்டத்துக்கு நடுவேதான் அந்த மூன்று மரணங்களும். ஒரு மரணத்தை அறிவிக்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஈசிஜி எடுத்து நேர்க்கோடு என்று உறுதி செய்து, கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்து, வெளியே வந்து சொந்தக்காரர்களிடம் சொல்லி, சான்றிதழில் இறப்புக்கான காரணம் எழுத வேண்டும். அது முடிவதற்குள் அடுத்த ஸ்ட்ரெச்சர் வந்துவிடும். அழ வேண்டும் என்று தோன்றினாலும் அழுவதற்கு இடைவெளி கிடையாது.

இப்படி வரும் சோர்வில் இரண்டு வகை கலந்திருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது நல்லது. ஒன்று, பர்ன் அவுட். 1974-இல் நியூயார்க்கைச் சேர்ந்த உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர், இலவச கிளினிக்கில் வேலை செய்தவர்களைப் பார்த்து இந்தப் பெயரில் எழுதினார். பின்னால் கிறிஸ்டினா மாஸ்லாக் அதை அளக்க ஒரு வினாத்தாள் உருவாக்கினார். மனம் வற்றிப்போவது, எதிரில் இருப்பவரை ஆளாகப் பார்க்காமல் பொருளாகப் பார்ப்பது, தான் செய்வதால் ஒரு பயனும் இல்லை என்று தோன்றுவது என்று மூன்று முகம் அதற்கு. "பதினாலாம் பெட்" என்று மட்டும் சொல்லிப் பெயரே ஞாபகம் வராத நிலை இரண்டாவது முகம். இது வேலைச் சுமையிலிருந்து மெல்ல ஊறி வருவது. ஐ.டி. ஊழியருக்கும் வரும், பள்ளி ஆசிரியருக்கும் வரும்.

இன்னொன்று பரிவுச் சோர்வு. 1992-இல் கார்லா ஜாய்ன்சன் என்பவர் செவிலியர்களைப் பற்றி எழுதும்போது பயன்படுத்திய சொல். சில வருடம் கழித்து சார்லஸ் ஃபிக்லி அதை விரித்தார். அடுத்தவர் வலிக்கு மிக அருகில், திரும்பத் திரும்ப நிற்பதால் வருவது இது. மாதக்கணக்கில் சேர்ந்து வரலாம், ஒரே ராத்திரியிலும் வரலாம்.

ஒரே ராத்திரியில் எப்படி? ஒருவகை நஞ்சு இருக்கிறது, பெயர் இங்கே வேண்டாம். கோபத்தில் ஒரு நொடியில் குடித்துவிட்டு வருகிற பெண், முதல் நாள் உட்கார்ந்து நன்றாகப் பேசுவார். "டாக்டரம்மா, தப்புப் பண்ணிட்டேன், குழந்தை தேடும், எப்ப வீட்டுக்கு அனுப்புவீங்க" என்று கேட்பார். பக்கத்தில் நிற்கும் இருபத்தாறு வயது பிஜிக்கு மட்டும், அடுத்த சில நாளில் இந்தப் பெண்ணின் ஈரல் என்ன ஆகக்கூடும் என்று தெரியும். என் யூனிட்டில் ஒரு மாணவி அப்படி ஒருவரை ஐந்து நாள் பார்த்தார். ஆறாவது நாளிலிருந்து அந்தப் படுக்கை இருக்கும் வரிசைக்கே அவர் போவதில்லை. சுற்றிக்கொண்டு மறுபக்கமாக வருவார். கேட்டதற்கு, அப்படிச் செய்கிறோம் என்பதே தனக்குத் தெரியவில்லை என்றார்.

என் கதையையும் சொல்கிறேன். நான் முதலாண்டில் இருந்தபோது, குடியால் ஈரல் கெட்ட ஒரு கொத்தனார் விடிகாலையில் இறந்தார். அவர் மனைவியிடம் சொல்லிவிட்டுக் கையெழுத்துக்குத் தாளை நீட்டினேன். "எந்நேரம் சார் உசுரு போச்சு?" என்று கேட்டார் அந்த அம்மா. நான் அவர் முகத்தைப் பார்க்காமல் கேஸ் ஷீட்டைப் பார்த்து நேரம் சொன்னேன். அப்போது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. ஒரு வாரம் கழித்து என் அம்மா போனில் காய்ச்சல் என்றார். "எத்தனை நாளா? குளிர் நடுக்கம் இருக்கா?" என்று கேட்டு, மாத்திரை பெயர் சொல்லி வைத்துவிட்டேன். "சாப்பிட்டியாம்மா" என்று கேட்கவில்லை. அன்றிரவு ஹாஸ்டல் படியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த இரண்டும் ஒரே குரல் என்று பட்டது. வார்டில் மூடிய கதவு வீட்டுக்கும் சேர்த்து மூடிக்கொள்கிறது. உங்கள் அம்மா ஆடிப்போனதும் அதனால்தான்.

என் அனுபவத்துக்கு அப்பாலும் இதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்காவில் பிலடெல்பியாவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில் ஹோஜத் என்பவரும் கூட்டாளிகளும் மாணவர்களின் பரிவை ஆண்டுதோறும் அளந்து 2009-இல் வெளியிட்டார்கள். முதல் இரண்டு ஆண்டுகள் பெரிதாக மாறாமல் இருந்தது, மூன்றாம் ஆண்டில் சரிந்தது. மூன்றாம் ஆண்டு என்பது அவர்கள் வார்டுக்குப் போய் நோயாளிகளோடு முழுநேரமும் இருக்கத் தொடங்கும் ஆண்டு. புத்தகம் படித்தபோது இருந்த பரிவு, ஆளைப் பார்த்ததும் குறைகிறது.

ஏன் என்பதற்கு எனக்குப் பிடித்த விளக்கம் ஜெர்மனியின் லைப்சிக் நகரிலிருந்து வருகிறது. மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிலையத்தில் தானியா சிங்கரும் ஓல்கா கிளிமெக்கியும் மூளை ஸ்கேன் வைத்து ஒரு வேறுபாட்டைக் காட்டினார்கள். அடுத்தவர் வலியை அப்படியே தன் வலியாக வாங்கிக்கொள்வது ஒன்று. அந்த வலியைக் கண்டு, "இவருக்கு நல்லது நடக்க வேண்டும், நான் ஏதாவது செய்ய வேண்டும்" என்று அக்கறையோடு பக்கத்தில் நிற்பது இன்னொன்று. இரண்டுக்கும் மூளையில் இயங்கும் பகுதிகள் வேறு. முதலாவதில் மட்டும் பயிற்சி பெற்றவர்களுக்கு வேதனை கூடியது. இரண்டாவதில் பயிற்சி பெற்றபோது நல்லுணர்வு கூடியது. ஆகவே பரிவுச் சோர்வு என்ற பெயரே கொஞ்சம் தவறு என்பது என் எண்ணம். பரிவு செய்து யாரும் சோர்வதில்லை. வலியை வாங்கிக்கொண்டு, அதைப் பரிவாக மாற்ற வழியில்லாமல் போவதில்தான் சோர்கிறார்கள்.

மாற்றுவதற்கு என்ன வேண்டும்? கொஞ்சம் நேரம், கொஞ்சம் தூக்கம், கையால் செய்வதற்கு ஏதாவது ஒன்று. இறந்தவரின் மனைவியோடு ஐந்து நிமிடம் உட்கார முடிந்தால் போதும். உங்கள் தங்கையிடம் இல்லாதது அந்த ஐந்து நிமிடம். இதைத்தான் எல்லோருக்கும் புரியவைக்க ஆசைப்படுகிறேன். அவர் மனதில் குறை இல்லை, அவர் நாளில் இடம் இல்லை.

தூக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் கோபத்தோடுதான் பேச வேண்டியிருக்கிறது. 1997-இல் டாசன், ரீட் என்ற இரண்டு ஆய்வாளர்கள், 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைத்திறனும், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவருக்குச் சமம் என்று காட்டினார்கள். 24 மணி நேரம் என்றால் ஏறக்குறைய 0.10. நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதிக்கும் வரம்பு 0.03. ஸ்டியரிங்கைத் தொடவே கூடாத நிலையில் இருக்கும் ஒருவரிடம், கழுத்து ரத்தக்குழாயில் ஊசி ஏற்றும் வேலையைக் கொடுக்கிறோம்.

விதி இல்லாமலும் இல்லை. பயிற்சி மருத்துவர்களுக்கான மத்திய அரசின் 1992 ரெசிடென்சி திட்டம் ஒரு நாளைக்கு 12 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று எழுதியது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 முதுநிலை விதிகள் எண் எதுவும் சொல்லாமல், "நியாயமான" வேலை நேரம் என்று நிறுத்திக்கொண்டன. வார விடுமுறையும் உண்டு, வேலைத் தேவையைப் பொறுத்து. அந்த "பொறுத்து" என்ற சொல்லில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் காணாமல் போயிருக்கின்றன. 2024-இல் கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர் ஒருவர் கொல்லப்பட்ட வழக்கை விசாரித்தபோது, 36 மணி நேரம், 48 மணி நேரம் என்று தொடரும் டூட்டி மனிதத்தன்மையற்றது என்று உச்ச நீதிமன்றமே சொன்னது. அதே ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த மனநலப் பணிக்குழு, வாரம் 74 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஒரு நாள் விடுப்பு கட்டாயம், தினமும் 7 முதல் 8 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1992-இன் 48 எங்கே, 2024-இன் 74 எங்கே. அந்த 74-க்காவது எல்லா வார்டிலும் உயிர் வர வேண்டும்.

சரி, இவ்வளவுக்குப் பிறகும் ஏன் யாரும் ஓடிப்போவதில்லை? வேலையில் நிறைவு இருக்கிறது, அதனால்தான். பெத் ஸ்டாம் என்ற உளவியலாளர் உருவாக்கிய முப்பது கேள்வித் தாள் ஒன்று உலகம் முழுவதும் பயன்படுகிறது. அதில் பத்து கேள்வி பர்ன் அவுட்டுக்கு, பத்து அடுத்தவர் துயரத்தால் வரும் அதிர்ச்சிக்கு, மீதிப் பத்து நிறைவுக்கு. மூன்றுக்கும் தனித்தனி மதிப்பெண், ஒன்றாகக் கூட்டுவதில்லை. ஏனென்றால் சோர்வும் நிறைவும் ஒரே தராசின் இரண்டு தட்டு இல்லை, ஒருவருக்கு இரண்டும் ஒரே சமயத்தில் அதிகமாக இருக்கலாம். பாம்புக்கடியோடு மூச்சு நின்று வந்த பையனுக்கு இரவெல்லாம் மூச்சுக் கொடுக்கும் அம்பு பேக் (Ambu bag) பையை அழுத்திய அதே கை, மறுநாள் கேஸ் ஷீட்டைத் தூக்கி மேசையில் எறியும். அந்தப் பையன் நான்காம் நாள் இட்லி சாப்பிடுவதை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரிப்பதும் அவர்தான். ஆகவே "இவ்வளவு கஷ்டமாக இருக்கிறதே, உனக்கு இந்த வேலை பிடிக்கவில்லையா" என்று கேட்டால், அவரால் பதில் சொல்ல முடியாது. பிடிக்கும், தாங்க முடியவில்லை. இரண்டும் உண்மை.

நிறைவைத் தின்பது நோயாளிகளின் துயரம் என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். என் மாணவர்கள் என்னிடம் வந்து உடைந்து அழுத நேரங்களை நினைத்துப் பார்த்தால், பாதிக்கு மேல் வேறு காரணங்கள். வெண்டிலேட்டர் காலியில்லாமல் ஒருவருக்குக் கொடுக்க முடியாமல் போனது. என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தும் செய்ய முடியாதது. எல்லோர் முன்னாலும் சீனியர் அவமானப்படுத்தியது. இறந்தவரின் தம்பி சட்டையைப் பிடித்தது. மருத்துவமனை வன்முறைக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் ராத்திரி இரண்டு மணிக்கு இருபது பேர் சூழ்ந்து நிற்கும்போது ஒரு இளம் பெண்ணுக்குத் துணை, வாசலில் நிற்கும் ஒரு காவலாளி மட்டுமே.

எது உதவுகிறது என்று பார்ப்போம். என் பயிற்சிக் காலத்தில் மூத்த சிஸ்டர் ஒருவர் இருந்தார். யாராவது இறந்தால், கண்ணை மூடி, தாடையைக் கட்டி, போர்வையை நேராக்கி, அவர் பெயரை ஒருதரம் மெதுவாகச் சொல்லிவிட்டுத்தான் நகர்வார். அரை நிமிடம்தான். யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. பல வருடம் கழித்து, அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜோனதன் பார்ட்டல்ஸ் என்ற செவிலியர் இதையே ஒரு வழக்கமாக்கியதைப் படித்தேன். ஒரு உயிர் போனதும், சுற்றி நிற்கும் குழு மொத்தமும் ஒரு நிமிடம் அமைதியாக நிற்கிறது, பிறகுதான் அடுத்த வேலை. என் யூனிட்டில் இப்போது நாங்கள் இதைச் செய்கிறோம். அட்மிஷன் டேயில்கூட அந்த ஒரு நிமிடம் கிடைக்கிறது. மருத்துவர்கள் சிறு குழுவாக உட்கார்ந்து, மனதைப் பிசையும் ஒரு நோயாளியைப் பற்றி மட்டும் பேசும் பாலின்ட் குழுக்கள் 1950-களில் லண்டனில் தொடங்கியவை. அதைப் போல வாரம் ஒருமுறை டீ குடித்துக்கொண்டே பேசுகிறோம். அந்த நேரத்தில் பொட்டாசியம் அளவு கேட்பதில்லை என்பது ஒன்றே விதி. முதல் மாதம் யாரும் வாய் திறக்கவில்லை. வரிசையைச் சுற்றிப்போன அந்த மாணவிதான் முதலில் பேசினார்.

இதெல்லாம் துறைத் தலைவர்கள் கையில் இருப்பது. உங்கள் கையில் இருப்பதைச் சொல்கிறேன். வீட்டுக்கு வந்தால் முதலில் தூங்க விடுங்கள், பதினான்கு மணி நேரம் ஆனாலும் எழுப்பாதீர்கள். அன்று பெரியப்பாவின் சுகர் ரிப்போர்ட்டை நீட்டாதீர்கள், பக்கத்து வீட்டு முழங்கால் வலியையும் கூட்டிவராதீர்கள். கல்யாணப் பேச்சும் அந்த இரண்டு நாளில் வேண்டாம். "மூணு டெத்" என்று அவர் சொன்னால், "ஐயோ, எப்படி உன்னால சாப்பிட முடியுது" என்று கேட்க வேண்டாம். ஊறுகாயை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். கொஞ்ச நேரம் கழித்து, "யாருடி அவங்க, பேர் என்ன?" என்று மட்டும் கேளுங்கள். பேர் ஞாபகம் வந்தால் மற்றதும் வரும். வராவிட்டால் விட்டுவிடுங்கள். இன்னொரு நாள், இந்த மாதம் குணமாகி வீட்டுக்குப் போனவர்கள் யார் என்று கேளுங்கள். செத்தவர்களை எண்ணுபவர்கள் பிழைத்தவர்களை எண்ணுவதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் பொறுமை காட்டக் கூடாது. லீவிலும் தூக்கம் வராதது, சாப்பாடு இறங்காதது, பிடித்தது எதுவும் பிடிக்காமல் போவது, தூங்குவதற்கு மாத்திரையோ குடியோ தேடுவது, "நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி" என்கிற மாதிரிப் பேச்சு. இவற்றில் ஏதாவது இரண்டு வாரம் நீடித்தால் அது சோர்வைத் தாண்டிவிட்டது, மனச்சோர்வு நோயாக இருக்கலாம். சாவைப் பற்றிப் பேசினால் இரண்டு வாரம் என்ன, இரண்டு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம், அவரைத் தனியாகவும் விட வேண்டாம். நான் சொன்ன பணிக்குழு நடத்திய இணையக் கணக்கெடுப்பில் 5,337 முதுநிலை மாணவர்கள் கலந்துகொண்டார்கள். அவர்களில் 31 சதவீதம் பேர் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னார்கள். விரும்பியவர்கள் மட்டும் நிரப்பிய கணக்கெடுப்பு, கஷ்டத்தில் இருப்பவர்கள் அதிகம் நிரப்பியிருக்கலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும் அது ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். நேரடியாகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தன் கல்லூரியின் மனநலத் துறைக்குப் போக வெட்கப்படுவார், கூட வேலை செய்பவர்கள் பார்ப்பார்களே என்று. வேறு ஊரில் ஒரு மனநல மருத்துவரிடம் நீங்களே அழைத்துப் போகலாம்.

கடைசியாக, விட்டுவிடச் சொல்லலாமா என்ற கேள்வி. முப்பது மணி நேரம் விழித்த மூளையோடு யாரும் வாழ்க்கை முடிவு எடுக்கக் கூடாது. 2023 விதிகளின்படி வருடத்துக்குக் குறைந்தது 20 நாள் சம்பளத்தோடு கூடிய தற்செயல் விடுப்பு அவருக்கு உண்டு. அதைக் கேட்டு வாங்கத் தயங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு வாரம் சேர்த்து எடுத்து வீட்டில் இருக்கட்டும். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு இருக்கும்போது கேளுங்கள். "எனக்கு மெடிசின் வேண்டாம்" என்று அப்போதும் சொன்னால் அந்தப் பேச்சை நம்புங்கள். விலகினால் ஒப்பந்தப்படி எவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்பதை அதற்குப் பிறகு பார்க்கலாம். நோயாளியை நேரில் பார்க்காத நுண்ணுயிரியலும் நோய்க்குறியியலும் மருத்துவம்தான், சமுதாய மருத்துவம் இருக்கிறது, அங்கெல்லாம் போய் நிறைவாக இருப்பவர்களை எனக்குத் தெரியும்.

என் மாணவர்களில் அப்படி லீவு எடுத்துப் போனவர்கள் பெரும்பாலும் திரும்பி வந்துவிட்டார்கள். வந்த முதல் நாள், பைகூட வைக்காமல், லீவுக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போன ஏதோ ஒரு நோயாளியைப் பெயர் சொல்லிக் கேட்பார்கள்.